எல்க் மலையின் மூலைக்கல்: கால் வைக்காத நிலத்துக்காக நடந்த வழக்கு

2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து நான்கு பேர் வயோமிங் மாநிலத்துக்கு வேட்டைக்குப் போனார்கள். கூடாரம், துப்பாக்கி, சமையல் சாமான்களோடு ஓர் இரும்பு ஏணியும் வண்டியில் இருந்தது. அதை அவர்களே செய்துகொண்டு வந்திருந்தார்கள். ஏறி நின்று எதையும் எட்டிப் பார்க்க அல்ல. நான்கு நிலங்கள் ஒன்றோடொன்று முட்டும் ஒரு புள்ளியில், ஓர் அரசு நிலத்திலிருந்து எதிர்மூலையில் இருக்கும் இன்னொரு அரசு நிலத்துக்கு, இடையில் யாருடைய மண்ணையும் மிதிக்காமல் இறங்கிப் போவதற்காக.

அந்த ஏணியைத் தாண்டுவதற்குச் சில விநாடிகள் போதும். அது சரியா தவறா என்று முடிவாக நான்கு ஆண்டுகள் ஆயின.

வேட்டை என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் நிலைமை வேறு. எந்த விலங்கை, எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எத்தனை என்பதை மாநில அரசு வகுக்கிறது; வெளிமாநிலத்தார் பல ஊர்களில் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் போகமுடியும். துப்பாக்கி, தோட்டா மீதான கூட்டாட்சி வரி 1937 முதல் வனவிலங்குப் பணிகளுக்கே போகிறது. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். இங்கே நான் எடுத்துக்கொண்டது அதைவிடப் பழைய ஒரு கேள்வி: ஊருக்குப் பொதுவான நிலத்தைச் சுற்றி ஒருவர் நிலம் வாங்கிவிட்டால், உள்ளே இருக்கும் பொது நிலம் யாருடையது?

சதுரங்கப் பலகை

வயோமிங்கின் தென்பகுதி வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை விரித்ததுபோல இருக்கும். ஒரு கட்டம் தனியார், அடுத்த கட்டம் அரசு, மறுபடி தனியார், மறுபடி அரசு. ஒவ்வொரு கட்டமும் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர்.

இந்தப் பலகையை விரித்தது 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்வே சட்டம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை வேண்டும், கஜானாவில் பணமில்லை, ஆனால் நிலம் இருந்தது. (அந்த நிலம் ஷோஷோனி, அரபாஹோ, செயேன் மக்களிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ‘பொது நிலம்’ என்ற சொல்லுக்கு அடியில் அந்தக் கதையும் கிடக்கிறது.) பாதை போகும் இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட கட்டங்களை யூனியன் பசிபிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இரட்டைப்படைக் கட்டங்களை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறும், கையில் இருக்கும் பாதியை நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1864இல் கம்பெனிக்கான பங்கு இரட்டிப்பானது.

கணக்கு பொய்த்தது. மழை குறைந்த, உயரமான, குளிர்க்காற்று அடிக்கும் அந்தப் பகுதியில் சின்னப் பண்ணை வைத்துப் பிழைக்க முடியவில்லை. அரசின் கட்டங்களை வாங்க ஆள் வரவில்லை. இன்றுவரை அவை பெரும்பாலும் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையிடம் இருக்கின்றன. கம்பெனியின் கட்டங்கள் கைமாறிக் கைமாறி மாட்டுப் பண்ணைக்காரர்களிடமும், பின்னாளில் பெரும் செல்வந்தர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

சதுரங்கத்தில் பிஷப்புக்கு இந்தப் பலகையில் சிக்கலே இல்லை. கறுப்புக் கட்டத்திலிருந்து கறுப்புக் கட்டத்துக்கு மூலைவாட்டில் நகர்ந்துகொண்டே போகலாம். மனிதனுக்குத்தான் சிக்கல். மூலை என்பது கணிதத்தில் ஒரு புள்ளி, அதற்கு அகலம் கிடையாது. மனிதனுக்குத் தோள் உண்டு. கால் இரண்டும் அரசு நிலத்திலேயே விழுந்தாலும், தாண்டும்போது ஒரு தோளும் முழங்கையும் தனியார் நிலத்தின் மேலுள்ள காற்றைக் கடந்துதான் தீரும். நிலம் வைத்திருப்பவனுக்கு அதன் மேலுள்ள வெளியும் சொந்தம் என்பது பழைய சட்ட மரபு. அப்படியானால் தோள் பட்ட காற்று அத்துமீறலா?

இப்படி மூலை வழியாக மட்டுமே போகக்கூடிய பொது நிலம் அமெரிக்க மேற்கில் 83 லட்சம் ஏக்கர் என்று வேட்டைக்காரர்களின் வரைபடச் செயலியான ஆன்எக்ஸ் 2022இல் கணக்கிட்டது. அதில் வயோமிங்கில் மட்டும் 24 லட்சம் ஏக்கர்.

வேலிகளின் காலம்

இந்தச் சண்டை வேட்டைக்காரர்களோடு தொடங்கவில்லை. 1870களிலும் 80களிலும் பெரும் மாட்டுப் பண்ணை முதலாளிகள் பொது மேய்ச்சல் நிலத்தை முள்கம்பியால் வளைத்தார்கள். புதிதாகக் குடியேற வந்தவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வெளியே நின்றார்கள். 1885இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொது நிலத்தை வளைத்து வேலி போடக்கூடாது. பலவந்தத்தாலோ மிரட்டலாலோ வேலியாலோ வேறு எந்த முறைகேடான வழியாலோ ஒருவர் பொது நிலத்துக்குப் போவதைத் தடுக்கக்கூடாது. சட்டவிரோத வளைப்புச் சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

சட்டம் வந்ததும் கொலராடோவில் கேம்ஃபீல்ட் என்பவர் ஒரு யுக்தி செய்தார். வேலியின் ஒவ்வோர் அங்குலத்தையும் தன்னுடைய ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள்ளேயே போட்டார். அரசு நிலத்தை வேலி தொடவே இல்லை. ஆனால் சுற்றி வந்து பார்த்தால் சுமார் 20,000 ஏக்கர் அரசு நிலம் உள்ளே அடைபட்டிருந்தது. என் நிலத்தில் நான் வேலி போட்டேன், உனக்கென்ன என்பது அவர் வாதம். 1897இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலியைப் பிடுங்கச் சொன்னது. 1914இல் மேக்கே என்ற ஆட்டுக்காரர் வழக்கில், மந்தையைக் குளிர்கால மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக இந்தப் பலகை நிலத்தின் குறுக்கே நியாயமான வழி உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் காற்று திசை மாறியது. 1979இல் லியோ ஷீப் கம்பெனி வழக்கு. வயோமிங்கின் செமினோ நீர்த்தேக்கத்துக்குப் பொதுமக்கள் போக அரசு ஒரு மூலையின் குறுக்கே மண்சாலை போட்டது. 1862இல் நிலம் கொடுத்தபோது வழியுரிமையை அரசு தனக்கென்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை, இப்போது இருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து பண்ணைக்காரர்கள் கையில் அந்தத் தீர்ப்புதான் கேடயம். மூலை தாண்டுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் நேராக எழுதியிருக்கவில்லை. குற்றமில்லை என்றும் எழுதியிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு தலைமுறை வேட்டைக்காரர்கள் அந்த மூலைகளுக்கு முன்னால் நின்று, வம்பு எதற்கு என்று திரும்பிப் போனார்கள். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். தடை எதுவும் இல்லாமலே, தடை இருக்குமோ என்ற பயத்தை வைத்தே லட்சக்கணக்கான ஏக்கரை மூடி வைத்திருக்க முடிந்தது.

இரண்டு கம்பங்களும் ஒரு சங்கிலியும்

எல்க் மலை வயோமிங்கின் கார்பன் மாவட்டத்தில், 80ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் தெற்கே தனியாக எழுந்து நிற்கும் 11,156 அடி மலை. அதைச் சுற்றியுள்ள பண்ணை அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்துடையது. தனியார் நிலம் மட்டும் சுமார் 22,000 ஏக்கர். நிறுவனத்தின் உரிமையாளர் வட கரோலினாவைச் சேர்ந்த மருந்துத் தொழில் செல்வந்தர் ஃப்ரெட் எஷெல்மன். அவருடைய கட்டங்களுக்கு நடுநடுவே ஆயிரக்கணக்கான ஏக்கர் அரசு நிலம். அங்கே எல்க் மான்கள் ஏராளம். நம் கடமானைவிடப் பெரிய சாதி. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

2020இல் மிசௌரிக்காரர்கள் மூன்று பேர் முதல் முறை வந்தார்கள். பொதுச் சாலையிலிருந்து அடையக்கூடிய அரசு நிலத்தில் முகாம் போட்டு, கைபேசிச் செயலியைப் பார்த்தபடி நடந்து முதல் மூலைக்கு வந்தார்கள். நில அளவைக்காரர்கள் பதித்த உலோகக் குறி அங்கே இருந்தது. அதை ஒட்டி, எதிரெதிரான இரண்டு தனியார் கட்டங்களிலும் ஒவ்வொரு இரும்புக் கம்பம், ‘அத்துமீறாதே’ பலகைகள், இரண்டையும் இணைத்து ஒரு சங்கிலி, பூட்டு. அக்கம்பக்கம் வேறு வேலி எதுவும் இல்லை. திறந்த வெளியில், சரியாக ஆள் தாண்டும் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு சங்கிலி! அவர்கள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி, எதிர்மூலையில் கால் வைத்தார்கள்.

கம்பத்தைத் தொட்டதுகூடப் பிறர் சொத்தைத் தொட்டதாகிவிடுமே என்று யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நான்கு பேராக வந்தபோதுதான் ஏணி வந்தது. ஒரு காலை இந்தப் பக்க அரசு நிலத்திலும் மறு காலை அந்தப் பக்க அரசு நிலத்திலும் ஊன்றி, கம்பங்களுக்கு மேலாக ஏறி இறங்கினார்கள். இவ்வளவு கவனமாக நடந்துகொண்டவர்களை அத்துமீறியவர்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பண்ணை ஆட்கள் காவலர்களை அழைத்தார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் குற்ற வழக்குப் போட்டது. 2022 ஏப்ரல் கடைசியில் ராலின்ஸ் ஊர் நீதிமன்றத்தில் உள்ளூர்க்காரர்களைக் கொண்ட ஜூரி முன் விசாரணை நடந்தது. நான்கு பேரும் குற்றவாளிகள் அல்ல என்று ஜூரி சொன்னது. மாடு வளர்ப்பே வாழ்க்கையாக உள்ள ஒரு மாவட்டத்தில், வெளிமாநிலத்தாருக்கு ஆதரவாக அந்த முடிவு வந்தது.

77.5 லட்சம் டாலர்

குற்ற வழக்கு முடியும் முன்பே பண்ணை நிறுவனம் சிவில் வழக்கும் போட்டிருந்தது. இழப்பீட்டுக் கணக்கு 77.5 லட்சம் டாலர் வரை போனது. புல் சேதமில்லை, வேலி அறுபடவில்லை, மாடு சாகவில்லை. பிறகு எதற்கு அவ்வளவு பணம்? பண்ணை தரப்பின் கணக்கு இது: மூலை தாண்டுவது சட்டப்படி சரி என்று ஆகிவிட்டால் பண்ணையின் சந்தை மதிப்பு கால்வாசி வரை விழும்.

இந்தக் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். யாரும் உள்ளே வரமுடியாத அரசு நிலம் நடுவில் இருப்பதால்தான் பண்ணைக்கு அந்தக் கூடுதல் விலை. பண்ணையை விற்கும்போது, பட்டாவில் இல்லாத அரசு ஏக்கர்களின் தனியுரிமையும் சேர்ந்தே விலைபோகிறது. வாங்கியவர் ஊரார் நிலத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறார். ஊராருக்கு அதில் ஒரு காசு வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லவேண்டியதை மனுவே சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

வேட்டைக்காரர்களின் செலவுக்கு வயோமிங் வேட்டை, தூண்டில் ஆர்வலர் அமைப்பு நாடெங்கும் திரட்டிய நன்கொடை 1 லட்சம் டாலரைத் தாண்டியது. பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள் அனுப்பிய பணம்.

2023 மே மாதம் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஸ்காட் ஸ்கவ்டால் தீர்ப்பளித்தார். பலகை நிலத்தில், கால்நடையாக, தனியார் மண்ணைத் தொடாமல், சேதம் செய்யாமல் மூலை தாண்டுவது அத்துமீறல் ஆகாது. ஒரே ஒரு சங்கதியை மட்டும் விசாரணைக்கு விட்டார். ஒரு வேட்டைக்காரரின் செயலியில் தனியார் கட்டத்துக்குள் ஒரு குறி விழுந்திருந்தது. விரலால் திரையைத் தொட்டு எங்கே வேண்டுமானாலும் குறி வைக்கலாம், நேரில் போயிருக்க வேண்டியதில்லை என்பது அந்த வேட்டைக்காரரின் பதில். பின்னர் நிறுவனமே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு மேல்முறையீட்டுக்குப் போனது.

2025 மார்ச் 18 அன்று பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதிசெய்தது. நீதிபதி டிமோதி டிம்கோவிச் எழுதிய தீர்ப்பின் நயம் ஒன்று கவனிக்கத்தக்கது. காற்றுக்கு உரிமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வயோமிங் மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்தால் தோள் பட்டது அத்துமீறல்தான். ஆனால் அந்த உரிமையை வைத்துப் பொது நிலத்தை மூடி வைக்க 1885இன் கூட்டாட்சிச் சட்டம் விடாது. மேலே இருப்பது அந்தச் சட்டம். முள்கம்பியால் வளைத்தால் என்ன, எச்சரிக்கைப் பலகையாலும் மிரட்டலாலும் வழக்காலும் வளைத்தால் என்ன, விளைவு ஒன்றுதான். லியோ ஷீப் வழக்கு அரசு சாலை போடுவது பற்றியது; ஒருவர் தாண்டிப் போவது அதில் சேராது. எங்கள் சொத்தை இழப்பீடில்லாமல் பறிக்கிறீர்கள் என்ற வாதமும் நிற்கவில்லை. 1885 முதல் இல்லாத ஓர் உரிமையை யாரும் பறிக்க முடியாது.

அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய, அந்த வட்டாரத்துக்குள் வரும் 6 மாநிலங்களில் தீர்ப்பு நிலைத்தது.

பண்ணைக்காரர் சொல்வதும் கேட்கவேண்டியதே

மாட்டுப் பண்ணையாளர் சங்கங்கள் நிறுவனத்துக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் கருத்து தாக்கல் செய்தன. அவர்களில் பலர் எஷெல்மன் போன்ற செல்வந்தர்கள் அல்ல. மூன்று நான்கு தலைமுறையாக அதே நிலத்தில் மாடு மேய்த்துப் பிழைப்பவர்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். சில அடிகள் பிசகும், உலோகக் குறி எல்லா மூலையிலும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்காது, தவறி உள்ளே வருபவரை யார் கண்காணிப்பது என்கிறார்கள். குளிர்காலத்தில் எல்க் மந்தை இறங்கி வந்து அவர்கள் வைக்கோல் போரைத் தின்கிறது. இவை உண்மையான கஷ்டங்கள். தாமாகவே வாசலைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. மொன்டானாவில் 1985 முதல் நடக்கும் திட்டத்திலும், வயோமிங்கில் அதையொத்த திட்டத்திலும் மாநில அரசு ஒரு தொகை கொடுக்க, பண்ணைக்காரர்கள் வேட்டைக்காரர்களை உள்ளே விடுகிறார்கள். இந்த வழக்கால் அக்கம்பக்கத்து நல்லுறவு கெட்டுவிடும் என்று அவர்கள் பயப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் குறி சரியாகத் தெரியவில்லை என்றால் அதற்குத் தீர்வு குறியைத் தெளிவாகப் பதிப்பது. சங்கிலி போடுவதல்ல.

கட்சிக் கணக்கில் அடங்காத கூட்டம்

அமெரிக்க அரசியலைத் தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி, காட்டைக் காப்பாற்றச் சொல்பவர்கள் இன்னொரு கட்சி என்றுதான் படும். பொது நிலம் என்று வரும்போது அந்தக் கோடு அழிகிறது.

2017இல் யூட்டாவின் குடியரசுக் கட்சி எம்.பி. ஜேசன் சாஃபெட்ஸ் சுமார் 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்க மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார். 2025 ஜூனில் அதே யூட்டாவின் செனட்டர் மைக் லீ, பெரும் வரவுசெலவு மசோதாவுக்குள் 11 மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்கும் பிரிவைச் செருகினார். வீட்டுமனைக்குத்தான் என்றார். அவருடைய குடியரசுக் கட்சிக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. மொன்டானா, ஐடஹோ செனட்டர்கள் மறுத்தார்கள். முன்னாள் உள்துறைச் செயலர் ரயன் ஸிங்க்கி கீழவையில் முரண்டு பிடித்தார். அவர்களின் வாக்காளர்கள் நவம்பரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த நிலங்களுக்குப் போகிறவர்கள். ஜூன் 28 அன்று லீ அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்.

வயோமிங்கில் கிட்டத்தட்டப் பாதி நிலம் கூட்டாட்சி அரசினுடையது. ஆயிரம் ஏக்கர் வாங்க வழியில்லாத ஒரு மெக்கானிக்கும் பள்ளி வாத்தியாரும் விடுப்பு போட்டு மலைக்குப் போக முடிவது அதனால்தான். நிலத்தை விற்றால் ஒரே நாளில் போய்விடும். வழியை அடைத்தால் பேருக்கு இருக்கும், போக முடியாது. வேட்டைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அவர்கள் பார்வை சரி என்பதே என் கருத்து.

இன்னும் பூட்டியிருக்கும் மூலைகள்

தீர்ப்பு திறந்துவிட்டது கொஞ்சம்தான். நடந்து போகலாம், வண்டி, குதிரை பற்றித் தீர்ப்பு எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. நான்கு பக்கமும் தனியார் நிலம் சூழ, மூலையில்கூட வேறு பொது நிலத்தைத் தொடாத அரசு நிலங்களுக்கு இதனால் பயனே இல்லை. அவற்றுக்கு வழி வேண்டுமென்றால் யாராவது விலை கொடுத்து வாங்கவேண்டும்.

மொன்டானா ஒன்பதாவது வட்டாரத்தில் வருகிறது. பத்தாவது வட்டாரத்தின் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது. அங்கேயும் ரயில் கம்பெனிக்குக் கொடுத்த நிலத்தால் அதே பலகை, அதே உலோகக் குறிகள், அதே 1885 சட்டம். ஆனால் மூலை தாண்டுவது இன்னும் சட்டவிரோதம்தான் என்று மாநில வனவிலங்குத் துறை தீர்ப்புக்குப் பிறகும் அறிவித்தது. வயோமிங்கில் காலையில் ஒரு மூலையைத் தாண்டிய ஆள், வடக்கே மாநில எல்லையைக் கடந்து மாலையில் அதேபோல இன்னொரு மூலைக்கு வந்தால், கையில் அதே செயலியை வைத்துக்கொண்டு அரசு நிலத்தின் ஓரத்தில் நிற்கவேண்டியதுதான். எதிரே ஓர் எட்டில் இன்னொரு அரசு நிலம்.